விழித்திரைப் படத்தை யாரும் பார்ப்பதில்லை

பள்ளி அறிவியல் புத்தகத்தில் கண்ணைப் பற்றிய பாடம் வந்தால் அந்தப் படமும் வந்துவிடும். ஒரு பக்கம் மரம். மறுபக்கம் நெடுக்காக வெட்டிக் காட்டிய கண். மரத்தின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் புறப்பட்ட கோடுகள் லென்ஸில் குறுக்கிட்டு, விழித்திரையில் ஒரு குட்டி மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கும். கூடவே ஒரு வரி விளக்கம்: தலைகீழாக விழும் பிம்பத்தை மூளை நேராக்கிக் காட்டுகிறது. படத்தில் பிழை இல்லை. விழித்திரையில் பிம்பம் கவிழ்ந்தே விழுகிறது என்பதை 1604இல் யோஹானஸ் கெப்ளர் கணக்குப் போட்டு நிறுவினார். 1637இல் வெளியான தன் ஒளியியல் நூலில் ரெனே தெகார்த், மாட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சுரண்டிவிட்டு அங்கே மெல்லிய தாளையோ முட்டை ஓட்டையோ வைத்து அந்தப் பிம்பத்தை நேரிலேயே காணும் வழியைச் சொன்னார். வில்லங்கம் அந்த ஒரு வரி விளக்கத்தில் இருக்கிறது. மூளை நேராக்கிக் காட்டுகிறது என்றால் யாருக்குக் காட்டுகிறது? மண்டைக்குள் ஒரு திரையும் அதன் முன்னால் ஒரு குட்டி மனிதனும் இருந்தால்தான் அந்த வாக்கியம் பொருள்படும். அவனுக்கும் கண் வேண்டும். அவன் கண்ணிலும் பிம்பம் கவிழ்ந்தே விழும். அதை நேராக்க அவன் மண்டைக்குள் இன்னொருவன் வேண்டும். தெகார்த்துக்கே இது தெரிந்திருந்தது. மூளைக்குள் வேறொரு ஜோடிக் கண்கள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது என்று அதே நூலில் எச்சரித்திருக்கிறார். உடற்கூறியலும் பாடப்புத்தகத்துக்குக் கைகொடுப்பதில்லை. பார்வைத் தகவல் முதலில் வந்துசேரும் மூளைப் புறணியிலும் விழித்திரையின் வரைபடம் கவிழ்ந்தேதான் இருக்கிறது. போதாததற்கு, காட்சியின் வலப்பாதி இடமூளையிலும் இடப்பாதி வலமூளையிலுமாகப் பிளந்தும், நடுப்பகுதி மட்டும் ஊதிப் பெருத்தும் கிடக்கிறது. அதை நிமிர்த்தி ஒட்டிச் சீராக்கும் இடம் என்று மூளையில் ஒன்றும் இல்லை.

குட்டி மனிதனைக் கேலி செய்து வெளியேற்றுவது எளிது. அவன் போன பிறகும் அவன் உட்கார்ந்திருந்த அறை நம் பேச்சில் தங்கிவிடுகிறது. "நாம் உலகைப் பார்ப்பதில்லை, மூளை கட்டிய மாதிரியைத்தான் பார்க்கிறோம்" என்று பிரபல அறிவியல் நூல்களும் காணொளிகளும் சொல்லும்போது அந்த அறையைத்தான் மறுபடி திறக்கிறார்கள். நனவு என்பது சன்னல் இல்லாத அறை, உலகம் வெளியே, இடையில் நரம்புகள் கொண்டுவரும் தகவல் மட்டும். கேட்க ஆழமாக இருக்கும் இந்தக் கருத்து தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. மூளை என்று ஒன்று இருப்பதும், அதில் நரம்பணுக்கள் இருப்பதும், கண்ணிலிருந்து அங்கே சுமார் பத்து லட்சம் இழைகள் செல்வதும் மனிதர்கள் கண்ணால் பார்த்து, கருவியால் அளந்து கண்டறிந்த செய்திகள். பார்ப்பதெல்லாம் உள்ளே கட்டிய மாதிரிதான் என்றால் அந்த மூளையும் மாதிரிதான். மாதிரியைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு அது பதிலாக முடியாது. உலகை நேரில் அறிகிறோம் என்பதை முன்பணமாக வாங்கிச் செலவழித்துவிட்டு, பிறகு அப்படி ஒரு பணமே கிடையாது என்று கைவிரிக்கிற வாதம் இது.

இந்த அறையை இடிக்க முதலில் முறையாகக் கடப்பாரை எடுத்தவர் எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல். 1859இல், இன்று செக் நாட்டில் உள்ள மொராவியப் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய பின், வியன்னாவில் ஃபிரான்ஸ் பிரென்டானோவின் வகுப்புகளில் உட்கார்ந்து தத்துவத்துக்குத் தடம் மாறினார். மன நிகழ்வுகளுக்கே உரிய அடையாளம் எது என்று பிரென்டானோ 1874இல் எழுதிய நூலில் ஒரு விடை இருந்தது: அவை எப்போதும் எதையோ சுட்டுகின்றன. நினைப்பு என்றால் ஏதோ ஒன்றைப் பற்றிய நினைப்பு. பயம் என்றால் எதையோ எண்ணிப் பயம். காட்சி என்றால் ஏதோ ஒன்றின் காட்சி. கல்லுக்கும் மேகத்துக்கும் இந்தச் சுட்டும் தன்மை கிடையாது. 1900, 1901 ஆண்டுகளில் வெளிவந்த 'தர்க்க ஆய்வுகள்' நூலில் ஹுஸ்ஸெர்ல் இதைக் கூராக்கி, மனதுக்குள் படம் இருக்கிறது என்ற கொள்கையின் மேல் திருப்பினார். ஒன்றைப் போல் ஒன்று இருப்பதாலேயே அது மற்றதன் படம் ஆகிவிடாது. ஒரே அச்சில் அறுத்த இரண்டு செங்கற்களில் எதுவும் எதற்கும் படமல்ல. ஒன்றை இன்னொன்றின் படமாக ஒருவர் எடுத்துக்கொள்ளும்போதுதான் அது படமாகிறது. அப்படி எடுத்துக்கொள்ள அவர் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஆகவே பார்ப்பதைப் படத்தால் விளக்க முடியாது. படம் என்பதைத்தான் பார்ப்பதால் விளக்க வேண்டும். தமிழில் நிகழ்வியல் என்று வழங்கும் ஃபினாமினாலஜி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பொருள்கள் நமக்கு எப்படித் தோன்றுகின்றன என்பதை, அதற்கான காரணக் கதைகளையும் 'உலகம் உண்மையா' என்ற தீர்ப்பையும் சற்றே ஒத்திவைத்துவிட்டு விவரிப்பது அதன் வேலை. அந்த ஒத்திவைப்பை உலகை மறுப்பதாகப் புரிந்துகொண்டு ஹுஸ்ஸெர்லைத் திட்டியவர்கள் ஏராளம்.

அப்படி விவரிக்கத் தொடங்கியதும் மிகச் சாதாரணமான ஒன்று விசித்திரமாகிறது. திண்ணையில் ஒரு குடம் இருக்கிறது. கண்ணுக்குப் படுவது அதன் முன்புறம் மட்டுமே. ஆனால் யாரும் அரைக் குடத்தைப் பார்ப்பதாக உணர்வதில்லை. முழுக் குடத்தைத்தான் பார்க்கிறார்கள். பின்புறம் இருக்கும் என்று ஊகித்துக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. பின்புறம் வேறொரு விதமாக, 'சுற்றிப் போனால் தெரியும்' என்ற விதமாக, காட்சியிலேயே கூடவே வருகிறது. சுற்றிப் போய்ப் பார்த்து அங்கே வெறும் அட்டை முட்டுக்கொடுத்திருந்தால் திடுக்கிடுகிறோமே, அந்தத் திடுக்கிடலே அதற்குச் சாட்சி. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றத்துக்கு வழியில்லை. 1907இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பொருளையும் வெளியையும் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ஹுஸ்ஸெர்ல் இன்னும் ஒரு படி போனார். தோற்றம் ஒவ்வொன்றும் உடலின் ஓர் அசைவோடு பிணைந்திருக்கிறது: கண்ணை இப்படித் திருப்பினால் தோற்றம் அப்படி மாறும், தலையை நகர்த்தினால் வேறு மாதிரி மாறும். இந்த 'இப்படிச் செய்தால் அப்படி' என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், வெளியே நிலையாக நிற்கும் ஒரே பொருள் என்ற ஒன்றே நமக்குக் கிடைக்காது என்றார். 1945இல் மெர்லோ-போந்தி 'புலன்காட்சியின் நிகழ்வியல்' நூலில் உடலை மையத்துக்குக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். ஹுஸ்ஸெர்ல் நாற்காலியில் அமர்ந்து சொன்ன இந்தக் கூற்றுக்கு, அவரைப் படித்தே இராத பலர் இருபதாம் நூற்றாண்டில் ஆய்வகத்தில் சான்று சேர்த்தார்கள்.

அசைவு பார்வைக்கு எவ்வளவு அடிப்படை என்பதைக் கண்ணே சொல்கிறது. நம் விழிகள் நொடிக்கு மூன்று முறைபோல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுகின்றன. ஒன்றையே உற்றுப் பார்க்கும்போதும் அவை நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. 1952, 1953 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இரு குழுவினர், விழியோடு ஒட்டிய லென்ஸில் சிறு ஆடியைப் பொருத்தி, கண் எப்படி நகர்ந்தாலும் பிம்பம் விழித்திரையில் ஒரே இடத்தில் விழுமாறு செய்தார்கள். பார்வை நேராக்கிய படம்தான் என்றால், துளியும் அசையாத படம் மிகத் தெளிவாகத் தெரிய வேண்டும். நடந்தது வேறு: சில நொடிகளில் பிம்பம் மங்கி மறைந்தே போனது. விழித்திரையின் முன்னால் ஓடும் ரத்தக் குழாய்களின் நிழல் நாள் முழுக்க விழித்திரைமேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அதை நாம் காண்பதில்லை. கண் மருத்துவர் பக்கவாட்டிலிருந்து விளக்கடிக்கும்போது நிழல் இடம்பெயர, இலை உதிர்த்த மரம்போல் அது சட்டென்று தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செக் உடலியலாளர் பர்கின்யே இதை விவரித்திருக்கிறார். இமையின் மேல் விரலை வைத்து விழியை லேசாக அழுத்தினால் உலகம் ஆடுகிறது. விழியை நாமே திருப்பினால், பிம்பம் அதைவிட அதிகம் நகர்ந்தாலும், உலகம் ஆடாமல் நிற்கிறது. விழித் தசை செயலிழந்தவர் கண்ணைத் திருப்ப முயலும்போது, விழியும் பிம்பமும் அசையாதிருந்தும் உலகம் நகர்வதுபோல் தோன்றும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் பதிவு செய்தார். விழித்திரையில் என்ன விழுகிறது என்பதை மட்டும் வைத்து இந்த மூன்றையும் விளக்க முடியாது. எந்த அசைவோடு எந்த மாற்றம் வருகிறது என்ற உறவைச் சேர்த்தால் மூன்றும் விளங்குகின்றன.

கவிழ்ந்த பிம்பத்துக்குத் திரும்புவோம். அதை நேரடியாகச் சோதித்தவர் கலிபோர்னியாவின் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன். ஒரு கண்ணை மூடிக்கட்டி, மறு கண்ணில் காட்சியைத் தலைகீழாக்கும் லென்ஸ் குழாயைப் பொருத்திக்கொண்டார். அதாவது விழித்திரைப் பிம்பத்தை நேராக்கிவிட்டார். 1897இல் வெளியிட்ட இரண்டாவது சோதனையில் எட்டு நாள் இப்படிக் கழித்தார். முதலில் எல்லாம் கவிழ்ந்து தெரிந்தது, தலையைத் திருப்பினால் அறையே சுழன்றது, எட்டிய கை தவறான பக்கம் போனது. நாள் செல்லச் செல்லச் சுழற்சி நின்றது, கை குறி தவறாமல் போகத் தொடங்கியது, சுறுசுறுப்பாக இயங்கும் வேளைகளில் காட்சி நிமிர்ந்தே இருப்பதாகப் பட்டது. காட்சியே நிமிர்ந்ததா, கவிழ்ந்த காட்சிக்குப் பழகிக்கொண்டாரா என்ற சர்ச்சை பிற்காலச் சோதனைகளிலும் தீரவில்லை. பழக்கம் மட்டுமே என்று கண்டவர்களும் உண்டு. எந்த விடை சரியானாலும் நம் வாதத்துக்குப் போதும். 'மேலே' என்பது விழித்திரையில் உள்ள ஒரு திசை அல்ல. கை நீட்டுவது, கால் ஊன்றுவது, பார்ப்பது ஆகியவை தம்முள் இசைந்துபோவதே 'மேலே'. அந்த இசைவு கெட்டால் உலகம் கவிழ்கிறது, பிம்பம் நேராக இருந்தாலும்.

1963இல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் செய்த பூனைக்குட்டிச் சோதனை எல்லா உளவியல் பாடநூல்களிலும் இருக்கிறது. இருட்டில் வளர்ந்த குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு சிறு ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றும். மற்றது தொட்டிலில் உட்கார்ந்தபடி சுற்றப்படும். இரண்டின் கண்ணிலும் படும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. நடந்த குட்டி இயல்பாகப் பார்க்கக் கற்றது. தொட்டில் குட்டியோ மேசையருகே இறக்கும்போது பாதத்தை நீட்டவில்லை, கண்ணாடிக்கடியில் தெரிந்த பள்ளத்தை ஒதுக்கவில்லை. சுதந்திரமாக நடமாட விட்டதும் இரண்டு நாளில் தேறிக்கொண்டது. பூனைக்குட்டி கற்கத் தவறியது பார்ப்பதையா, பார்த்தபடி காலை வைப்பதையா என்று கேட்டால் இந்தச் சோதனை பதில் சொல்லாது. பலர் இதை அளவுக்கு மீறி மேற்கோள் காட்டுகிறார்கள். உடல் முழுதும் முடங்கி, கண்ணை மட்டும் அசைக்க முடிந்த நோயாளிகள் தெளிவாகவே பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பார்வைக்கு ஒவ்வொரு கணமும் கைகாலின் அசைவு தேவை என்று எவராவது சொன்னால் அது தவறு. முன்பு அசைந்து கற்ற ஒழுங்கு காட்சியில் படிந்திருப்பதும், அசைந்தால் என்னவாகும் என்ற எதிர்பார்ப்பு உயிரோடு இருப்பதும் போதும்.

எனக்கு இவற்றையெல்லாம்விட வலுவான சான்றாகத் தோன்றுவது பால் பாக்-இ-ரீட்டா 1969இல் 'நேச்சர்' இதழில் அறிவித்த கருவி. பழைய பல் மருத்துவ நாற்காலியின் முதுகுச் சாய்மானத்தில் நானூறு சிறு அதிர்விகள், வரிசைக்கு இருபதாக இருபது வரிசை. தொலைக்காட்சிக் கேமரா காண்பதை அவை நாற்காலியில் அமர்ந்திருக்கும் பார்வையற்றவரின் முதுகில் அதிர்வுப் புள்ளிகளாகப் பதிக்கும். கேமராவை வேறொருவர் இயக்கினால் உட்கார்ந்திருப்பவர் உணர்ந்தது முதுகில் கூச்சத்தை மட்டுமே. கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, தாமே திருப்பி, நெருக்கி, விலக்கிப் பழக விட்டதும் நிலைமை மாறியது. முதுகுக் கூச்சம் கவனத்திலிருந்து விலகியது. பொருள்கள் முன்னால், தொலைவில், ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. எதிரே இருப்பவர் முகமும் தொலைபேசியும் அடையாளம் தெரிந்தன. ஒருமுறை அவருக்குத் தெரியாமல் லென்ஸை வேகமாக நெருக்கியபோது, ஏதோ தன்மேல் பாய்வதாக அவர் கையைத் தூக்கித் தடுத்தார். அதிர்வு முதுகில், அவர் தடுத்ததோ முன்பக்கம். நரம்பு கொண்டுவந்த தகவலை அவர் 'பார்க்கவில்லை'. அந்தத் தகவலின் வழியாக எதிரிலுள்ள பொருளைப் பார்த்தார். 'வெளியே' என்ற தன்மை எந்த நரம்பிலும் எழுதப்பட்டு வருவதில்லை, முதுகுத் தோலின் நரம்பில் நிச்சயமாக இல்லை. தன் அசைவுக்குத் தகுந்தும், தன் அசைவைச் சாராமலும் மாறும் ஒன்றாகத் தோற்றம் அமைந்தபோது அது வந்தது. ஹுஸ்ஸெர்ல் 1907இல் சொன்ன ஒழுங்கை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் சோதனை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்த பழைய புதிர் ஒன்று டப்ளினில் பிறந்து, முந்நூறு ஆண்டு கழித்து டெல்லியில் சோதிக்கப்பட்டது. மணமான சிறிது காலத்தில் மனைவி பார்வையிழந்ததைக் கண்ட வில்லியம் மாலினோ, 1688இல் ஜான் லாக்குக்குக் கடிதம் எழுதினார்: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறிவார், திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? எம்ஐடியின் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், கண்புரை முதலிய கோளாறுகளோடு பிறந்து சிகிச்சை கிடைக்காமலே வளர்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு டெல்லி ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அளிக்கிறது. அப்படிப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2011இல் வெளிவந்தது. ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் அதே ரிச்சர்ட் ஹெல்ட். பூனைக்குட்டிகளுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து. பார்த்த வடிவத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். தொட்ட வடிவத்தைப் பார்த்துச் சொல்வதில் குருட்டாம்போக்கான ஊகத்தைச் சற்றே தாண்டினார்கள். மீண்டும் சோதித்தபோது, சில நாள்களுக்குள்ளேயே, அதிலும் நன்றாக முன்னேறியிருந்தார்கள். கண் திறந்ததும் உலகம் ஒரே உலகமாக வந்து நிற்பதில்லை. தொட்டதும் பார்த்ததும் ஒரே பொருள்தான் என்பது, புழங்கிப் புழங்கி ஏற்படும் பிணைப்பு. அது இத்தனை விரைவில் ஏற்படுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது.

இந்த வழியை ஏற்காதவர்களின் முதல் புகார், நிகழ்வியலின் முறையைப் பற்றியது. தன் அனுபவத்தைத் தானே விவரிப்பது அறிவியலுக்கு உதவுமா? நம் அனுபவத்தைப் பற்றி நாமே தவறாகச் சொல்கிறோம் என்பதற்கு ஆதாரம் குவிந்து கிடக்கிறது. டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்ட சோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நடுவே நடந்துபோன கொரில்லா வேடத்தைக் காணவே இல்லை. கூர்மையாகத் தெரியும் பரப்பு, நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தளவுதான். ஆனாலும் காட்சி முழுதும் ஒரே தெளிவில் கண்முன் விரிந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறோம். ஆகவே அனுபவமே பெரிய ஏமாற்று என்று சிலர் முடிக்கிறார்கள். அவசரமான முடிவு. 'மண்டைக்குள் முழுத் தெளிவான படம் இருக்கிறது' என்பது அனுபவத்தின் விவரிப்பு அல்ல. பாடப்புத்தகப் படத்திலிருந்து கடன் வாங்கிய கொள்கை. இந்த வரியின் ஓர் எழுத்தில் கண்ணை நிறுத்திக்கொண்டு பக்கத்து ஓரத்தில் உள்ள சொல்லைப் படிக்க முயன்றால், அது தெளிவாக இல்லை என்பது எவருக்கும் உடனே தெரிந்துவிடும். அங்கே இருப்பது, கண்ணைத் திருப்பினால் கிடைக்கும் என்ற உறுதி. கெவின் ஓ'ரீகனும் ஆல்வா நோயியும் 2001இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: காட்சியின் செழுமை உள்ளே சேமித்த படத்தில் இல்லை, வெளியே எட்டும் தூரத்தில் இருக்கிறது. கொரில்லாவைக் காணாதவர்கள் நிகழ்வியலைப் பொய்யாக்கவில்லை. படக் கொள்கையைத்தான் பொய்யாக்கினார்கள்.

இரண்டாவது புகாருக்கு வலு அதிகம். கனவில் உலகம் இல்லாமலே உலகம் தோன்றுகிறது. பார்வை மங்கிய முதியோர் சிலருக்கு இல்லாத மனிதர்களும் பூவேலைகளும் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்விட்சர்லாந்தின் ஷார்ல் போனே தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760இல் பதிவு செய்ததால் அந்த நிலைக்கு அவர் பெயர். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியை மின்முனையால் தொட்டபோது அவர்கள் ஒளிப்பொறிகளைக் கண்டார்கள், ஒலிகளைக் கேட்டார்கள். மூளையே போதும், வெளியுலகம் எதற்கு என்று இதிலிருந்து கேட்கலாம். மூளை இல்லாமல் பார்வை இல்லை என்பதை நான் அறிந்த எவரும் மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பதற்கு மூளை தேவை என்பதிலிருந்து, பார்ப்பது மூளையைத்தான் என்று வராது. மாயக்காட்சியை ஒரு கணம் மெய்க்காட்சியிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகலாம். பிரித்தறிய முடியவில்லை என்பதால் இரண்டும் ஒரே வகை ஆகிவிடா. பிறவியிலேயே பார்வையற்றவர்களின் கனவு ஒலியாலும் தொடுகையாலும் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். கனவு தன் சரக்கை உலகிலிருந்துதான் கொள்முதல் செய்கிறது. பென்ஃபீல்டின் நோயாளிகளோ, மின்முனை தம் கையை அசைக்க வைத்தபோது, அதை நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்றார்கள். அரையிருட்டில் கயிற்றைப் பாம்பென்று கண்டவர் கதை நம் மரபில் உலகின் பொய்த்தன்மைக்கு உதாரணமாகப் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அவர் தவறு எப்படித் தெரியவந்தது என்று யாரும் நின்று கேட்பதில்லை. விளக்கைக் கொண்டுவந்தார், கிட்டே போனார், மறுபடி பார்த்தார். ஒரு காட்சியைப் பொய் என்று தள்ளும் அதிகாரம் இன்னொரு காட்சிக்குத்தான் உண்டு. எல்லாக் காட்சியையும் ஒருசேரப் பொய்யாக்க வெளியே நின்று பார்க்கும் இடம் யாருக்கும் இல்லை.

இன்று நரம்பியலில் செல்வாக்கோடு இருப்பது, மூளை ஓர் ஊக எந்திரம் என்ற கொள்கை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 'தன்னறியா அனுமானம்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட விதை அது. அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் ஒலித்து நடுவில் ஒன்றை மாற்றினால், கேட்பவர் வேறெதையோ படித்துக்கொண்டிருந்தாலும், ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் மூளையலையில் ஒரு தனி அசைவு தெரிகிறது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் 1978இல் இதை அறிவித்தார். மெல்லிசையில் ஒரு சுரத்தைக் கேட்கும்போதே சற்றுமுன் போனதும் இதோ வரப்போவதும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன என்று ஹுஸ்ஸெர்ல் 1905ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் சொன்னதற்கு இவ்வளவு பொருத்தமான துணை வேறு அமைவது அரிது. தகராறு, இந்தக் கொள்கைக்கு அனில் சேத் போன்றவர்கள் பிரபலமாக்கிய 'கட்டுப்படுத்தப்பட்ட மாயக்காட்சி' என்ற பட்டத்தில் இருக்கிறது. சந்தையில் வெண்டைக்காய் வாங்குபவர் இளசாக இருக்கும் என்று எண்ணித்தான் முனையை ஒடிக்கிறார். சட்டென்று ஒடிந்தால் சரி. வளைந்தால் கூடைக்கே திரும்பிப் போகிறது. அவர் எண்ணம் இல்லாமல் அந்தச் சோதனை இல்லை, ஆனால் காயை இளசாக்கியது அவர் எண்ணமல்ல. எதிர்பார்ப்பைத் தோற்கடிக்கக்கூடிய ஒன்று எதிரே இருக்கிறது என்பதே மாயக்காட்சிக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாடு. 'கட்டுப்படுத்தப்பட்ட' என்ற அடைமொழிக்குள் அந்த வேறுபாடு முழுவதையும் மடித்து வைத்துவிட்டு, 'மாயக்காட்சி' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். கணக்கு முறையை ஏற்கலாம். பட்டத்தை ஏற்க வேண்டியதில்லை.

ஹுஸ்ஸெர்லிடமும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. 1913இல் வெளியான 'எண்ணங்கள்' நூலில், உலகின் இருப்பே நனவுக்குச் சார்ந்தது என்று பொருள்படும் இடத்துக்கு அவர் நகர்ந்தார். கோட்டிங்கனில் அவரைச் சூழ்ந்திருந்த மாணவர்கள் பலர் அங்கே அவரைப் பின்தொடர மறுத்தார்கள். மாணவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. பொருள் நமக்குத் தோன்றும் விதம் நம் உடலையும் அசைவையும் சார்ந்தது. பொருள் இருப்பது அவற்றைச் சார்ந்ததல்ல. குடத்தின் பின்புறம் எதிர்பாராததாக இருக்க முடியும் என்ற சாத்தியமே அது நம்மால் ஆனதல்ல என்பதற்குப் போதிய குறி. இந்த வழக்கு ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அறிவைத் தவிர வெளியே எதுவும் இல்லை என்ற யோகாசாரப் பௌத்தரை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் தனியே எடுத்து மறுத்திருக்கிறார்.

தீராத ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அசைவும் தோற்றமும் இவ்வாறு பிணைந்திருப்பதால் பொருள் வெளியே நிற்கிறது என்று விளங்குகிறது. ஆனால் இந்தப் பிணைப்பு நடக்கும்போது உணர்வு என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும்? கேமராவும் சக்கரமும் பொருத்திய எந்திரம் இதே ஒழுங்கைக் கற்று, சுவரில் மோதாமல் போகலாம். அதற்கு எதுவும் தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. டேவிட் சாமர்ஸ் 1995இல் 'கடினச் சிக்கல்' என்று பெயரிட்டது இதைத்தான். இங்கே சொன்ன சான்றுகளில் எதுவும் அதைத் தொடவில்லை. நிகழ்வியல் அதைத் தீர்த்துவிட்டதாகச் சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

தீர்த்தது எது என்பதை விழித்திரையில் பொருத்தும் மின்முனைக் கருவிகளில் பார்க்கலாம். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற கருவியில் அறுபது மின்முனைகள். மூக்குக் கண்ணாடியில் பொருத்திய கேமரா காண்பதை அவை விழித்திரையில் தூண்டலாக மாற்றும். பார்வை மண்டைக்குள் படம் அனுப்பும் வேலை என்றால், குறை மின்முனைகளின் எண்ணிக்கையில் மட்டும் இருக்க வேண்டும். அறுபதை அறுநூறாக்கினால் தீர்ந்தது. எண்ணிக்கை குறை என்பது உண்மைதான். ஆனால் அணிந்தவர்களைத் திணறவைத்த இன்னொன்றும் இருந்தது. கேமரா தலையோடு திரும்பியது, விழியோடு திரும்பவில்லை. பழக்கத்தால் விழியைப் பக்கவாட்டில் ஓட்டினால் கேமரா பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தெரியும் ஒளிப்புள்ளியோ விழி போன பக்கம் தாவும். எட்டிய கை பொருளைத் தவறவிடும். ஆகவே அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியின் முக்கியப் பகுதி, விழியை நேரே நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் மெதுவாக அப்படியும் இப்படியும் திருப்பிப் பழகுவது. விழியின் போக்கைக் கண்காணித்து, அதற்கேற்பக் கேமராப் படத்தில் எந்தப் பகுதியை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைச் சேர்க்கும் ஆய்வுகள் அதன்பின் நடந்தன. பிம்பத்தைக் கூர்மையாக்குவதற்கு நிகராக, அசைவையும் தோற்றத்தையும் மறுபடி இணைப்பதும் அங்கே பொறியாளர்களின் வேலைப் பட்டியலில் ஏறிவிட்டது.